பர்ப்பிள் லைன்: தாமதத்தின் கணக்கு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் மான்ட்கமரி, பிரின்ஸ் ஜார்ஜஸ் ஆகிய இரு கவுண்டிகளின் (நம் மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதிகளின்) குறுக்கே அமைக்கப்பட்டுவரும் பர்ப்பிள் லைன் என்னும் இலகு ரயில் தடத்தைப் பற்றித் தங்கள் நாளிதழில் அண்மையில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். 2022-இல் ஓடத் தொடங்கியிருக்க வேண்டிய ரயில் இன்னும் ஓடவில்லை, செலவோ மலைபோல் ஏறிவிட்டது, ஆகவே பரந்து கிடக்கும் புறநகர்ப் பகுதிகளுக்கு ரயில் ஒத்துவராது, பேருந்தே போதும் என்று கட்டுரையாளர் முடித்திருந்தார். அவர் தந்த தகவல்களில் பெரும்பாலானவை சரியே. அவற்றிலிருந்து அவர் எடுத்த முடிவுதான் எனக்கு உடன்பாடில்லை. நான் சில்வர் ஸ்பிரிங்கில் நீண்ட காலமாக வசிப்பவன். குடிநீர்க் குழாய்ப் பணிகளில் பொறியாளனாக இருந்து ஓய்வுபெற்றவன் என்பதால், ஒரு சாலையைப் பார்த்தால் அதன் மேல் ஓடுவதைவிட அடியில் கிடப்பதே முதலில் என் நினைவுக்கு வரும். இந்தக் கடிதத்திலும் அந்தச் சாய்வு இருக்கும், பொறுத்தருள வேண்டும்.

இந்தத் தடம் ஏன் வேண்டியிருந்தது என்பதைக் கட்டுரை ஒரே வரியில் கடந்துவிட்டது. வாஷிங்டன் மெட்ரோவின் தடங்கள் எல்லாம் புறநகர்களிலிருந்து நகர மையத்துக்குச் செல்வதற்காகப் போடப்பட்டவை. சிவப்புத் தடத்தின் ஒரு கை பெதஸ்டா வழியாகவும் மறு கை சில்வர் ஸ்பிரிங் வழியாகவும் வடக்கே செல்கின்றன. இவ்விரு ஊர்களுக்கும் இடையே சில மைல் தொலைவுதான். ஆனால் மெட்ரோவில் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போக வேண்டுமானால் வாஷிங்டன் நகருக்குள் இறங்கி, அதன் மையத்தைச் சுற்றிக்கொண்டு மறுபடி வடக்கே ஏறி வர வேண்டும். பத்து லட்சத்துக்கும் அதிகமான மக்கள் வாழும் மான்ட்கமரியிலும், ஏறத்தாழ அதே அளவு மக்கள் வாழும் பிரின்ஸ் ஜார்ஜஸிலும் இன்று வேலை, கல்லூரி, மருத்துவமனை என்று மக்கள் செல்லும் பயணங்களில் பெரும்பங்கு புறநகரிலிருந்து புறநகருக்கே நிகழ்கிறது. அந்தக் குறுக்குப் பயணத்துக்கு இருக்கும் வழி, வாஷிங்டனைச் சுற்றி வளைத்துச் செல்லும், எந்நேரமும் நெரிசலில் திணறும் பெல்ட்வே நெடுஞ்சாலையும், சிவப்பு விளக்குகளில் நின்று நின்று செல்லும் பேருந்துகளும்தான். பெதஸ்டாவிலிருந்து நியூ கேரல்டன் வரை 16.2 மைல், அதாவது சுமார் 26 கிலோமீட்டர் நீளத்தில், 21 நிலையங்களுடன் அமையும் பர்ப்பிள் லைன், மெட்ரோவின் சிவப்புத் தடத்தை இரண்டு இடங்களிலும் பச்சை, ஆரஞ்சுத் தடங்களை ஒவ்வோர் இடத்திலும் தொட்டுச் செல்கிறது. மார்க் எனப்படும் புறநகர் ரயிலின் மூன்று தடங்களும் அதனோடு இணைகின்றன. மேரிலாந்து பல்கலைக்கழகத்தின் காலேஜ் பார்க் வளாகம் அதன் நடுவே வருகிறது. பெதஸ்டாவுக்கும் சில்வர் ஸ்பிரிங்குக்கும் இடையிலான பயணம் சுமார் ஒன்பது நிமிடம் என்று திட்ட ஆவணங்கள் சொல்கின்றன.

பேருந்தே போதும் என்ற வாதம் புதிதன்று. 2008-இல் வெளியான வரைவுச் சுற்றுச்சூழல் தாக்க அறிக்கையில் எட்டு மாற்றுவழிகள் ஒப்பிடப்பட்டன. எதுவும் கட்டாமல் விடுவது ஒன்று, இருக்கும் பேருந்துச் சேவையைச் செம்மைப்படுத்துவது ஒன்று, தனித்தட விரைவுப் பேருந்து மூன்று வகை, இலகு ரயில் மூன்று வகை. அதற்கு முன்பே 2003-இல் அன்றைய ஆளுநர் ராபர்ட் எர்லிக் ஆட்சியில் திட்டத்தின் பெயரே 'இரு கவுண்டிப் பயணவழி' என்று மாற்றப்பட்டு, பேருந்தின் பக்கம் பார்வை திருப்பப்பட்டிருந்தது. அடுத்து வந்த மார்ட்டின் ஒ'மாலி பழைய பெயரை மீட்டு, 2009 ஆகஸ்டில் இலகு ரயிலைத் தேர்ந்தெடுத்தார். 2013-இல் வெளியான இறுதி அறிக்கை 2040-ஆம் ஆண்டில் நாளொன்றுக்குச் சுமார் 74,000 பயணங்கள் என்று மதிப்பிட்டது. அந்த மதிப்பீடு பெருந்தொற்றுக்கு முற்பட்டது. வீட்டிலிருந்தே வேலை செய்யும் பழக்கம் பரவிவிட்ட இந்நாளில் அதை அப்படியே ஏற்க நான் சொல்ல மாட்டேன். ஆனாலும் நானூறுக்கும் மேற்பட்டோரை ஏற்றிக்கொள்ளும், 140 அடிக்கும் மேல் நீளமான ஒரு வண்டியின் இடத்தை நிரப்ப எத்தனை பேருந்துகள், எத்தனை ஓட்டுநர்கள் வேண்டும் என்பதை எண்ணிப் பார்த்தால், தேர்வு தவறு என்று சொல்லிவிட முடியாது.

அப்படியானால் தாமதம் எங்கிருந்து வந்தது? ஆண்டுகளை வரிசையாக வைத்துப் பார்த்தாலே தெரிந்துவிடும். பர்ப்பிள் லைனின் மேற்குப் பகுதி அமையும் ஜார்ஜ்டவுன் கிளைப்பாதை என்ற பழைய சரக்கு ரயில்பாதையில் 1985-இல் போக்குவரத்து நின்றது. 1988-இல் மான்ட்கமரி கவுண்டி அந்த நிலத்தை வாங்கிப் போட்டது. எதிர்காலத்தில் ரயில் ஓடுவதற்கான நிலத்தை, அது தேவைப்படுவதற்கு முன்பே ஒரு கவுண்டி வாங்கிப் பத்திரப்படுத்தியதைத் தொலைநோக்கு என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் வாங்கிய நிலத்தில் ரயிலுக்கு முன் நடைபாதை வந்தது. நிழல் படர்ந்த அந்தப் பாதையில் ஒரு தலைமுறையே நடந்தும் மிதிவண்டி ஓட்டியும் பழகிவிட்டது. இந்தப் பாதை ஒருநாள் தண்டவாளத்துக்கு இடம் கொடுக்கும் என்று ஆவணங்களில் எழுதியிருந்ததே தவிர, பாதையில் நடந்தவர்களின் மனத்தில் எழுதியிருக்கவில்லை. எதிர்ப்பு எழுந்ததில் வியப்பில்லை. 2014-இல் வழக்குத் தொடரப்பட்டது. மத்திய அரசுடன் நிதி ஒப்பந்தம் கையெழுத்தாகவிருந்த தறுவாயில், 2016 ஆகஸ்டில், மெட்ரோவில் பயணிகள் குறைந்துவருவதைக் கணக்கில் எடுத்து ஆய்வைப் புதுப்பிக்கவில்லை என்று சொல்லி மத்திய நீதிமன்றம் திட்டத்தின் ஒப்புதலை ரத்து செய்தது. 2017 ஜூலையில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மீட்டுத் தந்தது. ஆகஸ்டில் மத்திய அரசின் 90 கோடி டாலர் மானியத்துடன் பணி தொடங்கியது. பதினொரு மாதம் அதில் போயிற்று. வழக்குத் தொடுத்தவர்களைக் குறை சொல்வது எளிது. நான் அப்படிச் சொல்ல விரும்பவில்லை. பாதைக்கும் தண்டவாளத்துக்கும் அருகருகே இடம் உண்டு என்று இன்று காட்டப்படும் வடிவமைப்பை, நிலம் வாங்கிய காலத்திலேயே வேலி போட்டு, எல்லைக்கல் நட்டுக் காட்டியிருந்தால் அந்த வழக்கின் வேகம் பாதியாகியிருக்கும் என்று மட்டும் சொல்வேன்.

வழக்கால் போனது பதினொரு மாதம். அதன்பின் போன ஆண்டுகளுக்கு வழக்கைக் காரணம் காட்ட முடியாது. வடிவமைப்பு, கட்டுமானம், நிதி, இயக்கம், பராமரிப்பு அனைத்தையும் ஒரே தனியார் கூட்டமைப்பிடம் 36 ஆண்டுகளுக்கு ஒப்படைக்கும் ஒப்பந்தம் 2016-இல் கையெழுத்தானது. அதன் மொத்த மதிப்பு சுமார் 560 கோடி டாலர். எதிர்பாராத செலவைத் தனியார் ஏற்பார், அரசுக்கு இடர் இல்லை என்பதே அதற்குச் சொல்லப்பட்ட நியாயம். நடந்தது வேறு. நிலம் கைக்கு வரத் தாமதம், நிலத்தடிக் குழாய்களின் வடிவமைப்பில் மாற்றம், பக்கத்தில் ஓடும் சரக்கு ரயில்பாதையை ஒட்டி மோதல் தடுப்புச் சுவர் கட்ட வேண்டிய நிபந்தனை என்று காரணங்களை அடுக்கி, கூடுதல் தொகை கேட்டு, 2020-இல் கட்டுமான ஒப்பந்ததாரர் பணியை விட்டு வெளியேறினார். மாநில அரசு 25 கோடி டாலர் கொடுத்துக் கணக்கை முடித்தது. தெருக்கள் தோண்டியது தோண்டியபடி கிடந்தன. புதிய ஒப்பந்ததாரருக்கு 2022 தொடக்கத்தில் ஒப்புதல் கிடைத்தபோது மொத்த மதிப்பு 930 கோடி டாலரைத் தொட்டிருந்தது. ரயில் ஓடும் ஆண்டு 2026 என்றார்கள். பின் 2027 வசந்தம் என்றார்கள். பின் 2027-ஆம் ஆண்டின் இறுதி என்றார்கள். புதிய ஒப்பந்ததாரர் வந்த பிறகும் தேதி நகர்ந்ததற்குச் சொல்லப்பட்ட முதன்மைக் காரணம், நிலத்தடிக் குழாய்களையும் கம்பிகளையும் இடம் மாற்றும் வேலை முடியவில்லை என்பதே.

இந்த இடத்தில் சற்று நின்று பேச அனுமதி வேண்டுகிறேன். சாலையில் தண்டவாளம் போடுவதற்கு ஏன் குழாய்களை அகற்ற வேண்டும் என்று பலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். பேருந்துத் தடத்தின் கீழே ஒரு குடிநீர்க் குழாய் வெடித்தால், பேருந்தைப் பக்கத்துத் தெருவில் திருப்பிவிட்டு, பள்ளம் தோண்டிச் சரிசெய்து மூடிவிடலாம். தண்டவாளத்தின் கீழே வெடித்தால் சேவை முழுவதையும் நிறுத்தினால்தான் மண்வெட்டியைக் கையில் எடுக்க முடியும். அதைவிட முக்கியமான காரணம் கண்ணுக்குத் தெரியாதது. இலகு ரயில் மேலே உள்ள கம்பியிலிருந்து நேர்மின்னோட்டத்தை எடுத்து, தண்டவாளத்தின் வழியாகவே திருப்பி அனுப்புகிறது. அந்த மின்னோட்டத்தில் ஒரு சிறு பங்கு மண்ணுக்குள் கசிந்து, பக்கத்தில் கிடக்கும் இரும்புக் குழாயை வழியாக்கிக்கொண்டு ஓடும். அது குழாயை விட்டு வெளியேறும் இடத்தில் உலோகம் அரித்துக்கொண்டே வரும். சில ஆண்டுகளில் ஓட்டை விழும். ஆகவே குழாய்களைத் தள்ளிப் போடுவதும், மாற்றுக் குழாய் போடுவதும், தண்டவாளத்துக்கு மின்காப்பு இடுவதும் தவிர்க்க முடியாதவை. இது டிராம் ஓடிய காலத்திலிருந்தே பொறியாளர்கள் அறிந்த செய்தி.

அறிந்த செய்தியாக இருந்தும் அது ஏன் இத்தனை ஆண்டுகளைத் தின்றது? நம் கவுண்டியின் சாலைகளுக்கு அடியில் குடிநீரும் கழிவுநீரும் ஒரு நிறுவனத்தினுடையவை, எரிவாயு இன்னொன்றினுடையது, மின்சாரம் வேறொன்றினுடையது, தொலைபேசியும் இணையக் கம்பியும் யார் யாருடையவையோ. ஒவ்வொருவருக்கும் தனித் தர விதிகள், தனி ஒப்புதல் முறை, தனிப் பணியாளர்கள். ஒருவர் நகராமல் அடுத்தவர் நகர முடியாது. பழைய வரைபடங்களில் உள்ள இடமும் குழாய் உண்மையில் கிடக்கும் இடமும் பொருந்துவதில்லை. அறுபது ஆண்டுகளுக்கு முன் ஏதோ ஒரு பாறையைத் தவிர்க்க ஒரு மேஸ்திரி வளைத்துப் போட்ட குழாயை எந்த வரைபடமும் காட்டாது. என் பணிக்காலத்தில் சோதனைக் குழி தோண்டிப் பார்க்காமல் நம்பிய வரைபடங்களால் நான் பட்ட அவதியைச் சொல்லத் தொடங்கினால் தங்கள் நாளிதழின் ஒரு பக்கம் போதாது. ஒப்பந்தம் போடுவதற்கு முன்பே இரண்டு ஆண்டுகள் செலவிட்டு, தடம் முழுவதும் குழி தோண்டி உண்மையான வரைபடம் தயாரித்து, இன்றியமையாத குழாய்களை அரசே முன்னதாக இடம் மாற்றியிருந்தால், ஒப்பந்ததாரரிடம் ஒப்படைக்கப்பட்டது தெரிந்த வேலையாக இருந்திருக்கும். தெரியாத ஒன்றைத் தனியார் தலையில் ஏற்றிவிட்டால் அரசுக்கு இடர் இல்லை என்று நம்பியதற்கான விலைதான் மேலே சொன்ன தொகைகள்.

மிச்சப்படுத்த முயன்ற இடங்களும் சரியானவை அல்ல. 2015 ஜூனில் ஆளுநர் லாரி ஹோகன் திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தபோது, செலவைக் குறைக்க நெரிசல் நேரத்தில் ஆறு நிமிடத்துக்கு ஒரு ரயில் என்பதை ஏழரை நிமிடம் ஆக்கினார்கள். மாநிலத்தின் பங்கைக் குறைத்து, கவுண்டிகளைக் கூடுதலாகக் கொடுக்கச் சொன்னார்கள். பயணி நாள்தோறும் உணரும் சேவையில் கைவைத்துச் சேமித்த தொகை, பின்னால் ஒரே ஒரு உடன்படிக்கையில் போன 25 கோடியோடு ஒப்பிட்டால் எம்மாத்திரம்?

அடியில் கிடப்பதைப் பற்றி அதிகம் பேசிவிட்டேன். பக்கத்தில் வாழ்பவர்களைப் பற்றிக் கட்டுரையில் ஒரு சொல்லும் இல்லை என்பதையும் குறிப்பிட வேண்டும். தடத்தின் மேற்குப் பகுதியில் லிட்டன்ஸ்வில் என்ற சிறு குடியிருப்பு இருக்கிறது. 1853-இல் சாமுவேல் லிட்டன் என்ற சுதந்திரக் கறுப்பினத்தவர் வாங்கிய நிலத்தைச் சுற்றி வளர்ந்த ஊர் அது. இனப்பாகுபாட்டுக் காலத்தில் ரயில்பாதைக்கு அப்பால் இருந்த சில்வர் ஸ்பிரிங்கோடு அவர்களை இணைத்தது 1918-இல் கட்டப்பட்ட டால்பட் அவென்யூ பாலம். பர்ப்பிள் லைனுக்காக 2019-இல் அந்தப் பாலம் இடிக்கப்பட்டது. பழுதடைந்த பாலம், இடிக்க வேண்டியதுதான், ஐயமில்லை. அதன் எஃகு உத்திரங்களில் சிலவற்றைக் காப்பாற்றியதும் ஊர்மக்களின் முயற்சியால் நடந்தது. ஆனால் பழைய பாலத்தைக் கடந்து நடந்து போனவர்கள் புதிய பாலத்துக்காக ஆண்டுக்கணக்கில் சுற்றிப் போக நேர்ந்தது. ரயில்களை நிறுத்திவைக்கும் பணிமனைகளில் ஒன்றும் அவர்கள் ஊரிலேயே வந்தது.

கிழக்கே போனால் லாங் பிராஞ்சும் லாங்லி பார்க்கும் வருகின்றன. மத்திய அமெரிக்க நாடுகளிலிருந்து வந்த குடும்பங்கள் நிறைந்த பகுதிகள். கார் இல்லாத வீடுகள் அதிகம், பேருந்தையே நம்பியிருப்பவர்கள் அதிகம். இந்தத் தடம் யாருக்கு மிகவும் தேவையோ அவர்கள் இவர்களே. தாமதத்தின் சுமை யார் தோளில் ஏறியதோ அவர்களும் இவர்களே. கடை வாசலில் ஆரஞ்சு நிறத் தடுப்புகள் வந்து நின்றன; வண்டி நிறுத்த இடம் போயிற்று; ஆறு மாதம் என்று சொன்னது ஆண்டுகளாக நீண்டது. கடைக்காரர்களுக்கான மானியம், பள்ளம் தோண்டிப் பல ஆண்டுகள் கழித்தே வந்தது. அதற்குள் மூடியவர்கள் மூடிவிட்டார்கள்.

வாடகையிலும் இதே வரிசைப் பிழைதான். ரயில் வரும் என்ற அறிவிப்பே நிலத்தின் விலையை ஏற்றிவிடும் என்பது எல்லோருக்கும் தெரியும். 2013-இல் லாங் பிராஞ்ச் பகுதித் திட்டத்தை வகுத்தபோது, பழைய அடுக்ககங்கள் இருக்கும் நிலங்களில் உயர்ந்த கட்டடங்களுக்கு அனுமதி தரும் முன்மொழிவை, குறைந்த வாடகை வீடுகள் அழிந்துபோகும் என்று அஞ்சிக் கவுண்டி மன்றம் பெரிதும் சுருக்கியது. அது நல்ல முடிவு. 2017-இல் இரு கவுண்டிகளும் பல்கலைக்கழகமும் பிற அமைப்புகளும் சேர்ந்து தடத்தை ஒட்டிய பகுதிகளுக்கு ஒரு வளர்ச்சி உடன்படிக்கை கண்டன; குறைந்த, நடுத்தர வருமானக் குடும்பங்களுக்குக் கட்டுப்படியாகும் 17,000 வீடுகள் நிலைத்திருக்க வேண்டும் என்பது அந்தக் கூட்டணியின் இலக்கு. இலக்குக்குச் சட்டத்தின் பலம் கிடையாது. வாடகை உயர்வுக்கு ஆண்டுக்கு அதிகபட்சம் ஆறு விழுக்காடு என்ற வரம்பை மான்ட்கமரி கவுண்டி 2023-இல் இயற்றி, 2024-இல்தான் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. அதற்குள் பணி தொடங்கி ஏறத்தாழ ஏழு ஆண்டுகள் ஆகியிருந்தன.

நல்ல முறையில் நடந்ததையும் சொல்லாவிட்டால் நான் கட்டுரையாளரைக் குறை சொல்லும் தகுதியை இழப்பேன். பெதஸ்டாவில் ஓர் அலுவலகக் கட்டடத்தின் அடியில் நிலையத்தைத் திணிக்க வேண்டியிருந்தது. கவுண்டி, நில வகைப்பாட்டை முன்கூட்டியே மாற்றி, உரிமையாளர் கட்டடத்தை இடித்துப் பெரிதாகக் கட்டிக்கொள்வதை லாபகரமாக்கியது. கட்டடம் போயிற்று, விசாலமான நிலையத்துக்கு இடம் கிடைத்தது. காலத்தே எடுத்த ஒரு முடிவு எதைச் செய்யும் என்பதற்கு அது சான்று. பணக்கார முனையில் காட்டிய அந்த முன்யோசனை மறுமுனையில் ஏன் காட்டப்படவில்லை என்று கேட்கத் தோன்றுகிறது.

விரைவுப் பேருந்துக்கு இங்கே இடமே இல்லை என்பது என் வாதம் அன்று. 29-ஆம் எண் நெடுஞ்சாலையில் 2020 அக்டோபர் முதல் ஃபிளாஷ் என்ற விரைவுப் பேருந்து ஓடுகிறது. நானே அதில் போகிறேன். வீர்ஸ் மில் சாலையிலும் 355-ஆம் எண் சாலையிலும் அத்தகைய தடங்களைக் கவுண்டி திட்டமிட்டுவருகிறது. ஆனால் பேருந்துக்கென்று தனித்தடம் அமைத்து, சாலையை அகலப்படுத்தி, நடைமேடை கட்டப் புகுந்தால் அங்கும் மின்கம்பங்களும் வடிகால்களும் குழாய்களும் குறுக்கே வரும்; கடை வாசல்கள் மறிபடும்; வாடகை ஏறும். வண்டியின் சக்கரம் ரப்பரா எஃகா என்பதைப் பார்த்து இவை விலகிப்போவதில்லை. ஆகவே அந்தத் திட்டங்களுக்கான ஒப்பந்தங்கள் கையெழுத்தாகும் முன், நிலத்தடி ஆய்வை முடித்துவிட்டோம், கடைக்காரர் நிதியை ஒதுக்கிவிட்டோம் என்று கவுண்டி மன்றம் பொதுக்கூட்டத்தில் ஆவணங்களுடன் காட்ட வேண்டும் என்று கேட்கிறேன். இங்கு வாழும் தமிழ் வாசகர்கள் அந்தக் கூட்டங்களுக்குப் போய் இதையே கேட்கலாம். பேசப் பெயர் கொடுத்தால் சில நிமிடங்கள் நமக்கும் உண்டு.

கடைசியாக ஒரு திருத்தம். பர்ப்பிள் லைனை வாஷிங்டன் மெட்ரோவின் நீட்டிப்பு என்று கட்டுரை இரண்டு இடங்களில் குறிப்பிட்டிருந்தது. மெட்ரோவை நடத்துவது வேறோர் ஆணையம்; பர்ப்பிள் லைன் மேரிலாந்து மாநிலப் போக்குவரத்து நிர்வாகத்துக்குச் சொந்தமானது. மெட்ரோ ரயில்கள் இந்தத் தண்டவாளத்தில் ஓடா. இந்த வண்டிகள் மெட்ரோ நிலையங்களுக்குள் நுழையா. பயணிகள் இறங்கி, நடந்து, மாறி ஏற வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பொறியாளர் ஒருவர்,
சில்வர் ஸ்பிரிங், மேரிலாந்து